இருந்தபடி வாசிக்காதவள்

அவளுக்கு எதையும் இருந்தபடி விடத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்கிறேனா என்றால், பல வருஷம் குறையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தெரிந்துகொள்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நாங்கள் இருவரும் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு சின்ன இசைப்பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்தோம். ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் நான்கு அறைகள், நடுவில் ஒரு கூடம். கூடத்தில் மட்டும்தான் நிஜப் பியானோ. மற்ற அறைகளில் கரண்ட் போனால் ஊமையாகிவிடும் கீபோர்டுகள். சாயங்காலம் நாலு மணிக்குக் கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை ஏறிவரும். அதோடு பிள்ளைகளும் ஏறிவருவார்கள். நான் அங்கே ஆறு வருஷம் முடித்திருந்தபோது அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். அப்பாவுக்கு மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள், ஹப்சிகுடாவில் வாடகை வீடு. அங்கிருந்து ஸ்கூட்டரில் வருவாள். ஒரே வழியில் இரண்டு நாள் வந்து நான் பார்த்ததில்லை. "நேத்து வந்த ரோட்டுலயே இன்னைக்கும் வந்தா தூக்கம் வருதுங்க்கா" என்பாள். பத்து நிமிஷம் தாமதமாக வந்து நின்றுகொண்டு சொல்வாள்.

நான் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து கண்டோன்மென்ட் வேலைக்கு வந்தவர். ஏழு வயதில் எனக்குப் பியானோ வாங்கிக் கொடுத்தார்கள். என் விரல்கள் நீளம். பார்த்தவர்கள் எல்லாரும் "பியானோக்காரி கை" என்பார்கள். தேர்வு ஒவ்வொன்றிலும் முதல் தகுதி. தேர்வாளர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகளில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: துல்லியம். அந்தச் சொல்லை ரொம்ப வருஷம் பாராட்டாகவே வாசித்துவந்தேன்.

அவள் விரல்கள் குட்டை. எட்டுக் கட்டை அகலத்தை ஒரு கையால் எட்டிப் பிடிக்க அவள் கையை வலிக்க வலிக்க விரிக்க வேண்டும். வீட்டில் பியானோவும் இல்லை. போவன்பள்ளியில் கல்யாண பேண்டுக்காரர் ஒருவர் விற்ற பழைய கீபோர்டுதான். அதில் கட்டைகளும் குறைவு, இரண்டு ஓரத்திலும் வெட்டி எடுத்த மாதிரி. பெரிய பியானோவுக்கென்று எழுதிய எதுவும் அதில் அடங்காது. கீழே ஒரு ஸ்வரம் இருக்காது, மேலே நாலு இருக்காது. மற்றவர்களாக இருந்தால் சின்னப் பாட்டுகளாகப் பார்த்து வாசித்திருப்பார்கள். இவள் பெரிய பாட்டுகளையே எடுத்து, இல்லாத ஸ்வரத்துக்கு வேறு இடம் தேடி, எட்டாத இடத்தில் கையை மாற்றிப் போட்டு, பாட்டையே தன் பலகைக்குத் தைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த பழக்கமாம். பிறகு பெரிய பியானோ கிடைத்தும் விடவில்லை.

"மாத்திப் பாத்தா என்னங்க்கா கெட்டுப்போகுது?" இதுதான் அவள் வாயில் எப்போதும் நிற்கும் வாக்கியம்.

வந்த இரண்டாம் மாதம் என்னிடம் ஒரு இசைப் புத்தகம் கேட்டாள். நான் பள்ளிக்கூட நாளில் வாங்கி, பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தது. ஒரு மூலை மடங்காத புத்தகம். கொடுத்தேன். திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் பென்சில். 'இங்கே இடது கை மேலே ஏறிக்கொள்ளலாம்.' 'இந்த நாலு வரியையும் பாதி வேகத்தில் போட்டால் வேறு பாட்டு.' ஒரு பக்கத்தில், 'இந்த மனுஷன் இங்கே அவசரப்பட்டுவிட்டார்.'

"இன்னாத்துக்கு என் புக்குல எழுதினே?" என்றேன்.

"பென்சில்தானுங்க்கா. அழிச்சுப் போட்டறலாம்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து முழுவதையும் அழித்தேன். அழிக்குமுன் ஒவ்வொன்றையும் பியானோவில் வாசித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு இடங்கள் சாதாரணம். மூன்று இடங்களில் வாசித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வருஷம் ஜூலையில் பெற்றோர்களுக்கான ஆண்டு நிகழ்ச்சி. நாலு நாள் விடாத மழை. ஈரத்தில் கூடத்துப் பியானோவின் நடுவே ஆறு கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. சரிசெய்கிறவர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அடுத்த வாரம்தான் வருவாராம். நாற்காலிகளில் அறுபது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிரின்சிபல் மேடம் என்னைப் பார்த்தார். முதலில் வாசிக்க வேண்டியவள் நான்.

"கட்டையே எழும்பல, எப்படி வாசிக்கிறது மேடம்? நக்கோ" என்று மறுத்துவிட்டேன். நியாயமான பதில்தான். உடைந்த கருவியில் வாசித்து முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மேதையைக் கேவலப்படுத்த நான் தயாராக இல்லை.

"நான் உக்காந்து பாக்கட்டுங்களா மேடம்?" என்று அவள் கேட்டாள். நான் வாசிக்கவிருந்த அதே பாட்டு: அந்த ஜெர்மன் மேதை எழுதிய மெதுவான ஒரு நடனம். ஒரு நிமிஷம் கட்டைகளின் மேல் விரல் படாமல் ஓட்டிப் பார்த்தாள். எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள் போல. பிறகு வாசித்தாள்.

மேலே பாட வேண்டிய மெட்டை எடுத்துக் கீழே, ஆண்குரல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். கீழே இருந்த துணை ஸ்வரங்களை உச்சிக்கு ஏற்றி, மழை நின்றபிறகு ஓலைக் கூரையிலிருந்து சொட்டுவதுபோல் ஒவ்வொன்றாக விட்டாள். நடுவில் ஆறு கட்டைகள் செத்துக் கிடந்தன. அவற்றின் இடத்தில் அவள் மௌனத்தை வைத்தாள். அந்த மௌனங்கள் சரியாக மூச்சு வாங்கும் இடத்தில் விழுந்தன. பன்னிரண்டு வயதிலிருந்து அந்த நடனத்தை நான் வாசிக்கிறேன். அதன் கீழ்ப் பகுதிக்குள் இப்படி ஒரு துக்கம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெற்றோர்களுக்குப் பாட்டே அப்படித்தான் என்று நினைப்பு. கைதட்டினார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். அந்தக் கூடத்தில் அவள் என்ன செய்தாள் என்று புரிந்த ஒரே ஆள் நான்தான். புரியாமல் போயிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்!

படியிறங்கும்போது ஒரு பையனின் அப்பா மரியாதையாகக் கேட்டார்: "மேடம், நீங்க இன்னைக்கு வாசிக்கலையா?"

அதற்கப்புறம் மூன்று பிள்ளைகள் என் வகுப்பிலிருந்து அவள் வகுப்புக்கு மாறினார்கள். பிரின்சிபல் மேடம் நேர வசதி என்று காரணம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அவளோடு சண்டை போட எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் மரியாதை. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே சொல்வேன். "எழுதினவர் எழுதினபடி வாசிக்கிறதுதான் அவருக்கு மரியாதை. உன் இஷ்டத்துக்கு மாத்தறதுக்கு நீ யாரு?"

அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "அந்த ஜெர்மன்காரரே அடுத்தவங்க வயலினுக்கு எழுதுனதத் தூக்கிக் கட்டைல போட்டவருதானுங்களே. ஒருத்தர் பாட்ட இன்னொருத்தர் எடுத்து, அத மூணாவது ஆளு எடுத்து... இப்படித்தான வந்துட்டிருக்குது? நாம மட்டும் ஏனுங்க்கா பூட்டிப் போடோணும்?"

நான் ஊறுகாயை நகர்த்தி வைப்பேன்.

அவளுக்கும் ஒரு கண்டிப்பு இருந்தது. நகரத்தில் கலாச்சார விழா நடத்துகிற ஒருவர் பள்ளிக்கு வந்தார். மேல்நாட்டுப் பாட்டின் மேல் நம் ராகத்தைத் தெளித்து, பக்கத்தில் மிருதங்கம் வைத்து ஒரு மணிநேரம் செய்து தர முடியுமா என்று கேட்டார். பெரிய அரங்கம், பெரிய கூட்டம். நானாக இருந்தால் யோசித்திருப்பேன். அவள் முடியாது என்றாள். "அந்தப் பாட்டுக்குள்ள ஏற்கெனவே இருக்கறதத்தானுங்க நான் எடுக்கறேன். வெளிய இருந்து கொண்டாந்து ஒட்டறதுக்கு எனக்குத் தெரியாதுங்க." அவர் போனபின் அந்த ஆளை நினைத்து நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்று வரை அவளை விளம்பரப் பிரியை என்று என்னிடமே சொல்லிச் சமாதானப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு நானேதான் சொல்லிக்கொடுத்தேன். வேறு யாரிடமும் விடவில்லை. பள்ளி விட்டதும் என் வகுப்பு முடியும்வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். நான் தமிழில் பேசினால் இந்தியில் பதில் சொல்கிற பிள்ளை.

"ஆண்ட்டி ஜைசா பஜாவ் நா, மம்மி."

என்னோடு வேலை செய்கிறவளைத்தான் ஆண்ட்டி என்பாள்; அவள் மாதிரி வாசிக்க வேண்டுமாம். "ஆண்ட்டி தப்புத்தப்பா வாசிக்கிறா. இன்னாத்துக்கு அது உனக்கு?" என்றேன்.

"தப்பு நை, மம்மி. அச்சா லக்தா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். நன்றாக இருக்கிறதாம்.

மகள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானும் முயன்று பார்த்தேன். சின்னப் பாட்டு ஒன்றை எடுத்தேன். மெட்டைக் கீழே போட்டேன், மேலே போட்டேன், வேகத்தைக் குறைத்தேன். என்ன செய்தாலும் நாற்காலி மேசையை இடம் மாற்றிய மாதிரிதான் இருந்தது. வீடு அதே வீடுதான். அவள் செய்தால் சுவரில் கதவு திறக்கும். மாற்றுவதற்கு நிறைய விதிகள் உண்டு, எல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சை வைத்தால் அவளைவிட அதிகம் எழுதுவேன். ஒன்றரை மணிநேரம் உட்கார்ந்துவிட்டு மூடியைச் சாத்தினேன். மூடி சத்தமாக விழுந்தது.

அடுத்தது சொல்லச் சங்கடமானது. பத்தொன்பது வயதில் நானே ஒரு மெட்டு எழுதினேன். மொத்தம் எட்டு வரி. யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை; என் கணவருக்குக்கூடத் தெரியாது. கூடத்தில் யாருமில்லாத மத்தியான வேளைகளில் எப்போதாவது அதை வாசிப்பேன். ஒருநாள் வாசித்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஹெல்மெட்டோடு அவள்.

"இது யாருதுங்க்கா?"

"யாரோ" என்றேன்.

"உங்களுதுதான?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து கையால் எழுதிய பதினைந்து பக்கங்களோடு வந்தாள். என் எட்டு வரிக்கு ஒன்பது வேரியேஷன்கள். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு ஆளாக வேஷம் கட்டி நடக்கவிடுவது. பழைய கீபோர்டு மேதைகள் எல்லாரும் செய்த வித்தை அது. "உங்களுக்காகப் பண்ணுனதுங்க்கா. கேக்கறீங்களா?" என்று உட்கார்ந்து வாசித்தாள்.

முதலாவதில் என் மெட்டு என் மெட்டாகவே இருந்தது. இரண்டாவதில் ஓடியது. மூன்றாவதில் இரண்டு குரலாகப் பிரிந்து ஒன்றையொன்று துரத்தியது. ஆறாவதில் என் மெட்டைத் தலைகீழாக்கி, ஏறுகிற இடத்தில் இறங்கவிட்டு, ஒரு தாலாட்டு ஆக்கியிருந்தாள். நான் அந்த மெட்டை எழுதிய வருஷம் எனக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது அந்தத் தாலாட்டில் இருந்தது. பத்தொன்பது வயதில் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் எட்டு வரியில் நிறுத்தியதை அவள் பத்தே நாளில் சொல்லி முடித்துவிட்டாள்.

கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்.

"ஹவ், நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டினேன். "ஆனா இதை எங்கயும் வாசிக்காதே."

அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரிங்க்கா" என்று தாள்களை என்னிடமே கொடுத்துவிட்டாள். நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். எனக்கென்று இருந்த ஒரே ஒரு அறைக்குள் ஆள் நுழைந்து என்னைவிட அழகாகப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. நன்றி எப்படி வரும்?

அடுத்த வருஷம் வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றிலிருந்து அறிவிப்பு வந்தது. பழைய கீபோர்டு இசையில் ஆறு மாதப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு அவர்களுடையது. நம் நாட்டிலிருந்து ஒரே ஒருவருக்கு இடம். வயது வரம்பை நான் தாண்டியிருந்தேன். அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். வாசித்த பதிவோடு, கூட வேலை செய்கிற மூத்தவர் ஒருவர் நேரடியாக அனுப்பும் ரகசியக் கடிதமும் வேண்டும்.

"நீங்கதாங்க்கா எழுதோணும்" என்றாள். "நான் என்ன பண்றேன்னு இங்க உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

அது உண்மை. அந்த உண்மையைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு பொய் கிடையாது. உழைப்பாளி என்று எழுதினேன், பிள்ளைகளுக்குப் பிரியமானவள் என்று எழுதினேன். நடுவில் ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இவருடைய கற்பனை அபாரமானது; ஆனால் அச்சில் உள்ளதை அப்படியே வாசிப்பார் என்று என்னால் உறுதி கூற இயலாது.' அந்த வாக்கியத்தை எழுத மட்டும் இரண்டு நாள் ஆனது. அவ்வளவு கவனமாக வேறெதையும் நான் எழுதியதில்லை. அனுப்பிவிட்டு அவளுக்குப் போன் செய்து, "அனுப்பிட்டேன், ஆல் த பெஸ்ட்" என்றேன். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, இடமில்லை என்று பதில் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் காரணமா, வேறு யாராவது அவளைவிட நன்றாக வாசித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததைக் கொஞ்ச நாள் போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அவள் அழவில்லை. என் வகுப்பறைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் கீழே பேக்கரியில் வாங்கிய இரண்டு தேங்காய் பன். ஒன்றை எனக்கு நீட்டினாள்.

"உங்க லெட்டருதான் வீணாப் போச்சுங்க்கா. எனக்காக எத்தன சிரமப்பட்டு எழுதியிருப்பீங்க."

பன்னை வாங்கி மேசையில் வைத்தேன். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். என் மேல் பரிதாபப்பட்டது தாங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து கடிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "படி" என்றேன்.

படித்தாள். வெளியே ஒரு ஆட்டோக்காரர் யாரையோ தெலுங்கில் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டி முடித்துக் கிளம்பிப் போனார், அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரைப் பக்கத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அந்த வாக்கியத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாள் என்று தெரிந்தது.

"எல்லாம் நெசந்தானுங்க்கா" என்றாள் கடைசியில். "தப்பா ஒண்ணும் எழுதுல."

"வேணும்னேதான் எழுதினேன்" என்றேன். "உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. வந்த நாள்லேர்ந்து."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை அந்த வாக்கியத்தின் நடுவில் வைத்தாள்.

"இந்த 'பட்'ட எடுத்துப்போட்டு 'ஸோ'ன்னு போட்டிருந்தீங்கன்னா நான் போயிருப்பேனுங்க்கா."

ஆனால் என்ற இடத்தில் அதனால். இவருடைய கற்பனை அபாரமானது. அதனால் அச்சில் உள்ளதை அப்படியே வாசிப்பார் என்று உறுதி கூற இயலாது. மற்றதெல்லாம் நான் எழுதியபடியே. நான் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய வாக்கியத்தை ஒரே ஒரு சொல்லை மாற்றி எனக்கே தெரியாத நல்ல வாக்கியமாக ஆக்கிவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், குற்றவுணர்ச்சி வருமுன் எனக்குப் பொறாமைதான் வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போனாள். சாப்பிடாத பன் இரண்டும் மேசையில் இருந்தன.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. 'அக்கா' என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. நாலு மாதத்தில் அவள் அப்பா ஓய்வுபெற்றார். குடும்பம் கோயம்புத்தூருக்கே திரும்புவதென்று முடிவாயிற்று.

இப்போது அவள் எழுதியவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. பழைய கீபோர்டுப் பாட்டுகளுக்கு அவள் எழுதிய மறுவடிவங்கள். எங்கெங்கோ இருக்கும் வாலிபப் பிள்ளைகள் அவற்றை வாசித்து இணையத்தில் போடுகிறார்கள். என் மகள் கல்லூரி விடுதியிலிருந்து எனக்கு அனுப்புகிறாள். "மம்மி, ஆண்ட்டி கா ஹை!" என்று கூடவே ஒரு வரி, ஆண்ட்டியுடையதாம். முழுதாகக் கேட்கிறேன். புதிதாக ஒன்று வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்தப் புத்தகத்தில் என் எட்டு வரி இல்லை. வாசிக்காதே என்று சொன்னேன், வாசிக்கவில்லை. எனக்குக் கொடுத்த வார்த்தை ஒன்றை மட்டும் அவள் இருந்தபடியே வைத்திருக்கிறாள்.

அவள் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய வாரம் பிரின்சிபல் மேடம் ஒரு வழியனுப்பு நிகழ்ச்சி வைத்தார். பியானோ நல்ல நிலையில் இருந்தது. பிள்ளைகளும் பெற்றோர்களும் கூடம் நிறைய வந்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவள் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஏதோ அதிசயம் நடக்கும் என்று இதற்குள் எல்லாருக்கும் பழகியிருந்தது.

வேகமான ஒரு பழைய நடனத்தை எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்து நடனங்களில் ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கிறவர் தன் விருப்பத்துக்குக் கொஞ்சம் அழகு சேர்த்துக்கொள்ளலாம். எழுதினவர்களே கொடுத்த அனுமதி அது. அவள் எப்போதும் மனப்பாடமாக வாசிக்கிறவள். அன்று புத்தகத்தை விரித்து எதிரே வைத்துக்கொண்டாள்.

முதல் பகுதி, அச்சில் உள்ளபடி. ஒரு ஸ்வரம் கூடவில்லை, குறையவில்லை. இரண்டாம் முறை வந்தது. இதோ மாற்றப்போகிறாள் என்று நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அச்சில் உள்ளபடி. அடுத்த பகுதியும் அப்படியே; அதன் இரண்டாம் முறையும் அப்படியே. தேர்வாளர் யாராவது அங்கே இருந்திருந்தால் என் குறிப்புகளில் எழுதிய அதே சொல்லை எழுதியிருப்பார். என் இடம் என்று நான் நினைத்திருந்த அந்த இடத்திலும் அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள். ஆனாலும் ஒவ்வொரு வரியிலும் அவள் கதவு திறந்திருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்தது. ஒன்றையும் அவள் திறக்கவில்லை.

கைதட்டல் மரியாதையாக இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள், "இன்னைக்கு மேடம் ஒண்ணுமே பண்ணலியே" என்றார்.

கேக் வெட்டி எல்லாரும் கிளம்பியபின் படிக்கட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் ஒண்ணும் மாத்தலே? என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க்கா." ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ரிபீட் வர்ற வரைக்கும் மாத்தறதாத்தான் இருந்தேன். நீங்க மூணாவது வரிசைல இருந்தீங்களா... கை வரமாட்டேன்னுது. அந்த லெட்டரப் படிச்சதுலருந்தே இப்படித்தானுங்க்கா. நீங்க கேக்கறீங்கன்னு தெரிஞ்சா கை புஸ்தகத்துல இருக்கறதத்தான் வாசிக்குது."

நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.  என் முகத்தைப் பார்த்து அவள்தான் பயந்துபோனாள். இரண்டு படி ஏறி வந்து என் தோளைத் தொட்டாள்.

"ஊருக்குப் போனா வந்துருமுங்க்கா. நீங்க வெசனப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.